தாயின் நோயும் பிள்ளையின் தலையெழுத்தும்

(நாகர்கோவிலில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் இங்குப் பேசப்போகும் விஷயம் கோயிலைப் பற்றியதுமல்ல, சாமியைப் பற்றியதுமல்ல. நோட்டீசில் போட்டிருக்கும் தலைப்பைப் பார்த்துவிட்டு, ஜோசியத்தைக் கண்டிப்பதற்காகவே வந்திருக்கிறோம் என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஜோசியமும் நடுவில் வரத்தான் செய்யும். ஆனால் விஷயம் அதுவல்ல. எச்.ஐ.வி. என்னும் கிருமி உடலிலுள்ள தாய்மார்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் என்ன ஆகிறார்கள், எப்படி வளருகிறார்கள், இருபது முப்பது வயதில் அவர்களுடைய தேகநிலை எப்படியிருக்கிறது, அதை யார் கணக்கு வைக்கிறார்கள், அந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்பதைப் பற்றியே பேசப்போகிறோம்.

இந்த நோயின் பெயரைச் சொன்னவுடனே பின்வரிசையில் நாலைந்து பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், ஒருவர் தம் வீட்டம்மாளை எழுந்திருக்கச் சொன்னதையும் பார்த்தோம். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. அது நல்லதே. ஏனெனில் இந்தப் பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான்.

தோழர்களே! நம் நாட்டில் இந்நோய் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேல்நாட்டில் இது பரவிய காலத்தில் நம் பெரிய மனிதர்கள் எல்லோரும், "அது ஒழுக்கங்கெட்ட நாடுகளின் நோய், கற்புக்கரசிகள் பிறந்த நம் புண்ணிய பூமியை அது அண்டாது" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்த டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார் மாத்திரம், "அண்டுமா அண்டாதா என்பதை ஏன் வாயால் தீர்மானிக்க வேண்டும், ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் போகிறது" என்ற எண்ணங்கொண்டு, தம்மிடம் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவியைக் கொண்டு ரத்தம் சேகரிக்கச் செய்தார். அந்த ரத்தத்தை ரயிலேற்றி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில், ஆறு பேருடையதில் கிருமி இருப்பதாகத் தெரிந்தது. இது 1986-ல் நடந்தது. புண்ணிய பூமி என்ற சாசனம் ஒரு ரயில் பயணத்தில் காலாவதியாகிவிட்டது! அந்த அம்மையார் அதோடு நில்லாமல் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, யாரும் தொட மறுத்த நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் செய்து, 2015-ல் காலமானார்.

நிற்க, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்குக் கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ போகக்கூடும். நம்மவர்கள் இதைக் கேட்டவுடன் என்ன சொல்லுகிறார்கள்? "பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது" என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்களாயிருந்தால் "பூர்வஜென்ம கர்மம்" என்பார்கள். வேதபுஸ்தகம் படித்தவர்களானால் பிதாக்களின் அக்கிரமம் என்பார்கள். ஜாதியிலும் மதத்திலும் ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட, ஒரு பச்சைக் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற விஷயத்தில் மாத்திரம் எவ்வளவு ஒற்றுமையாயிருக்கிறார்கள் பாருங்கள்!

கணக்கு என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். யாதொரு மருந்தும் கொடுக்காமல் விட்டால், இக்கிருமியுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பிள்ளைகள் வரைக்கும்தான் கிருமி தொற்றுகிறது. மற்றவர்களுக்குத் தொற்றுவதில்லை. தாயின் பாவத்திற்காகப் பிள்ளைக்குத் தண்டனை என்றால், 100-க்கு 100 அல்லவா வரவேண்டும்? ஒரே தாய்க்குப் பிறந்த மூத்த பிள்ளைக்குத் தொற்றாமல் இளையதற்குத் தொற்றுவதும் உண்டு. கடவுள் என்ன, சீட்டுக் குலுக்கிப் போட்டா தண்டனை கொடுக்கிறார்?

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். 1994-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. ஜிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தைத் தாய்க்குக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் கொடுத்து, பிள்ளைக்கும் ஆறு வாரம் கொடுத்ததில், 100-க்கு 25.5 ஆக இருந்த தொற்று 8.3 ஆகக் குறைந்தது. அதாவது பிரம்மா எழுதியதாகச் சொல்லும் எழுத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு மாத்திரை அழித்துவிட்டது. இப்போது மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பதால், ஒழுங்காகச் சாப்பிட்டு வரும் தாய்மார்களிடத்தில் அது 100-க்கு ஐந்துக்கும் கீழே, நல்ல ஏற்பாடுள்ள இடங்களில் ஒன்றுக்கும் கீழேகூட இறங்கிவிட்டது. எந்தப் பரிகாரத்திற்கு, எந்த நேர்ச்சைக்கு, எந்த விசேஷ ஜெபத்திற்கு இப்படி ஒரு கணக்கைக் காட்ட முடியும்? காட்டினால் நாமே நாளைக்குப் போய் மொட்டையடித்துக்கொள்ளத் தயார்.

பாவம் என்று பேசுகிறவர்களிடம் இன்னொன்று கேட்கிறோம். 2018 டிசம்பரில் நமக்கு வடக்கே விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ரத்தசோகைக்காக ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்திலேயே கிருமி இருந்தது. அந்த அம்மாள் செய்த பாவம் என்ன? சர்க்காரை நம்பியதா? ரத்தம் கொடுத்த வாலிபனோ, தனக்குக் கிருமி இருப்பது பின்னால் தெரிந்தவுடன், தானே ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்தான். பிறகு விஷமருந்தி உயிரை விட்டான். ஊர்வாய்க்குப் பயந்து ஒரு யோக்கியனான பிள்ளை செத்தான் என்றுதான் நாம் சொல்லுவோம். அந்தத் தாய்க்குச் சிகிச்சை கொடுத்து, 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குப் பின்னால் சோதனை செய்ததில் கிருமி இல்லை என்றே வந்தது.

இதைச் சொன்னதும், "அந்த அம்மாள் நல்லவள், அவளுக்கு இரக்கப்படலாம், மற்றவர்கள் விஷயம் வேறு" என்று உடனே தராசைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் இக்கிருமியுள்ள பெண்களில் மிகப் பலர் தாலி கட்டிய புருஷனிடமிருந்தே அதைப் பெற்றவர்கள். மற்றப்படி வந்தவர்களாகவே இருக்கட்டும். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்குமுன் நல்லொழுக்கச் சர்ட்டிபிகேட் கேட்கிற வைத்தியன் உண்டா? தாய் எப்படிப்பட்டவளாயிருந்தால் என்ன, பிறந்த பிள்ளை எந்தச் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லும்?

சரி, பிள்ளை பிறந்துவிட்டது. அப்புறம் நடப்பதென்ன? இது உங்களில் அநேகருக்குத் தெரிந்திராது. ஆகையால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறோம். தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் பிள்ளையின் ரத்தத்திலும் ஒன்றரை வருஷம் வரையில் தங்கியிருக்கும். ஆகவே சாதாரணச் சோதனை செய்தால், கிருமியே இல்லாத பிள்ளைக்குக்கூட "இருக்கிறது" என்று காட்டிவிடும். இதை அறியாதவர்கள் அதோடு பிள்ளையின் கதை முடிந்ததென்று தீர்மானித்துவிடுவார்கள். அதனால்தான் ஆறாவது வாரத்தில் பிள்ளையின் குதிகாலில் சிறு குத்துக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு காகிதத்தில் உலரவைத்து அனுப்பி, கிருமியையே நேராகத் தேடும் சோதனையைச் செய்கிறார்கள். நம் நாட்டில் இந்த ஏற்பாடு 2010 முதல் நடந்து வருகிறது. பிறகு ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று பார்த்துக்கொண்டுபோய், பதினெட்டாம் மாதத்தில் முடிவாக ஒரு சோதனை. அதில் இல்லையென்று வந்தால், பிள்ளைக்குக் கிருமி இல்லை என்று எழுதி, சர்க்கார் திட்டத்தில் அப்பிள்ளையின் பேரேட்டை மூடிவிடுகிறார்கள்.

தாய் அன்றைக்கு விடும் பெருமூச்சு இருக்கிறதே, அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோட்டாற்று வியாபாரிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறோம். முப்பது வருஷம் பற்று வரவு நடக்கப்போகிற ஒரு கணக்கை ஒன்றரை வருஷத்தில் மூடிவிட்டால், அந்தக் கடையின் லாப நஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஏன் இப்படிக் கேட்கிறோம் என்றால், கிருமி தொற்றாத அப்பிள்ளையும் தாயின் வயிற்றில் பல மாதம் அம்மருந்துகளோடேயே வளர்ந்திருக்கிறது. மருந்து பிள்ளையைக் காப்பாற்றியது மெய். அது பிள்ளையின் எலும்பை, இருதயத்தை, மூளை வளர்ச்சியை, பேச்சைப் பின்னால் ஏதாவது செய்யுமா என்பது வேறு கேள்வி. "காப்பாற்றியது போதாதா, ஏன் தோண்டுகிறாய்?" என்று கேட்பது பக்தன் பேச்சு. காப்பாற்றிய மருந்தையும் சந்தேகித்துச் சோதிப்பதுதான் பகுத்தறிவு.

அப்படிச் சந்தேகித்தவர்கள் உண்டு. 1999-ல் பிரான்சு தேசத்து வைத்தியர்கள், தாய் சாப்பிட்ட மருந்தால் கிருமியிலிருந்து தப்பிய எட்டுப் பிள்ளைகளுக்கு உடலணுக்களில் சக்தி உண்டாக்கும் பாகம் கெட்டிருப்பதாகவும், அவர்களில் இருவர் இறந்துவிட்டதாகவும் தாங்களே வெளியிட்டார்கள். மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவர்கள் மறைக்கவில்லை. உடனே அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பழைய குறிப்புகளையெல்லாம் திருப்பிப் பார்த்தார்கள். அங்கே அப்படிப்பட்ட மரணம் அகப்படவில்லை. ஆனாலும் "நல்லதாய்ப் போயிற்று" என்று ஏட்டை மூடிவிடாமல், 2005-ல் பி.எச்.ஏ.சி.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் நீண்டகால ஆராய்ச்சி ஒன்றை ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பிரிவு கிருமி தொற்றாத பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறது: உயரம், எடை, காது, பேச்சு, படிப்பு, இருதயம் எல்லாவற்றையும். இன்னொரு பிரிவு பிறவியிலேயே கிருமி தொற்றியவர்களைப் பிள்ளைப் பருவத்திலிருந்து வாலிபம் வரையில் பின்தொடர்கிறது. தாயின் வயிற்றில் பட்ட மருந்துகளில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்குப் பெருங்கேடு செய்யவில்லை என்பதே பொதுவாகக் கண்ட முடிவு. சிலவற்றில் சிறு சந்தேகங்கள் எழுந்தன. அவற்றையும் எழுதி வைத்து, மேலும் பார்த்து வருகிறார்கள்.

இதில் நம் மனதுக்கு மிகவும் பிடித்த கதை ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானா என்ற நாட்டினுடையது. சிறிய நாடு. ஜனத்தொகை நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட ஏதோ கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அங்கே 2014 முதல் செபாமோ என்ற ஆராய்ச்சியில், பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் மருத்துவச்சிகள் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துக் குறித்து வந்தார்கள். 2018-ல் அந்தக் குறிப்பேட்டில் ஒரு விபரீதம் தென்பட்டது. டோலூடெக்ராவிர் என்ற புது மருந்தைக் கர்ப்பம் தரிக்கும்போதே சாப்பிட்டுக்கொண்டிருந்த 426 தாய்மார்களின் குழந்தைகளில் நாலு குழந்தைகளுக்கு முதுகுத்தண்டோ மண்டையோ சரியாக மூடாத பிறவிக் குறை இருந்தது. சாதாரணமாக அது ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். உலகம் முழுவதும் எச்சரிக்கை பறந்தது. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு அம்மருந்தைக் கொடுக்கப் பல நாடுகள் தயங்கின.

நம் ஊராயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு கூட்டம் "மருந்தே விஷம்" என்று கிளம்பியிருக்கும். இன்னொரு கூட்டம் "எல்லாம் பொய், கம்பெனிச் சண்டை" என்று மறுத்திருக்கும். அந்த மருத்துவச்சிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த குழந்தையைப் பார்த்துக் குறித்தார்கள். அதற்கடுத்த குழந்தையையும் பார்த்துக் குறித்தார்கள். 2019-ல் 1,683 குழந்தைகளுக்கு ஐந்து என்று வந்தது. ஆயிரத்துக்கு ஒன்பதாக இருந்தது மூன்றாக இறங்கிவிட்டது. 2022-ல் இன்னும் பல ஆயிரம் குழந்தைகளைக் கணக்கிட்டபோது, ஆயிரத்துக்கு ஒன்று என்ற சாதாரண அளவுக்கே வந்து நின்றது. முதலில் கண்ட நாலும் மெய்தான். ஆனால் அது சிறு தொகையில் தற்செயலாக நேர்ந்த கூட்டம். பயத்தைக் கிளப்பியதும் அதே நோட்டுத்தான், பயத்தைத் தீர்த்ததும் அதே நோட்டுத்தான். இன்று நம் சர்க்கார் மையங்களில் கர்ப்பிணிகள் முதலாகப் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் மாத்திரையில் அந்த மருந்து இருக்கிறதென்றால், முன்பின் தெரியாத அந்த ஆப்பிரிக்க மருத்துவச்சிகளின் கைக்கு நம் நாஞ்சில் நாட்டுத் தாய்மார்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

இதையும் நம் வீட்டு ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த நாழிகையில் ஜோசியன் ஒரே தடவை எழுதுகிறான். அப்புறம் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பலன் தப்பினாலும் நோட்டில் திருத்தமில்லை. ஆராய்ச்சிக்காரனோ பிறந்தபோது ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஆரம்பித்து, வருஷாவருஷம் பிள்ளையைப் பார்த்து எழுதி, முன் எழுதியது தப்பென்றால் அடித்துத் திருத்துகிறான்.

இதைச் சொல்லுவதால், வெள்ளைக்காரன் ஆராய்ச்சி என்றவுடன் விழுந்து கும்பிடச் சொல்லுகிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். 1997-ல் பெரிய சண்டையே நடந்தது. மருந்து பலிக்கும் என்று 1994-லேயே தெரிந்திருந்தும், ஏழை நாடுகளில் நடந்த சில ஆராய்ச்சிகளில் பாதித் தாய்மார்களுக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். இது நியாயமா என்று அமெரிக்க வைத்தியர்களே பத்திரிகையில் எழுதிக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரியானதென்பதே நம் அபிப்பிராயம். ஏழை வீட்டுப் பிள்ளை யாருக்கும் சோதனை எலியல்ல. ஆகையால் சம்மதம் கேட்க வேண்டும், விஷயத்தைத் தாய்மொழியில் விளங்கச் சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும், பெயரை வெளியே விடக்கூடாது. இவ்வளவும் இருந்தால்தான் அது ஆராய்ச்சி. இல்லாவிட்டால் அதுவும் ஒரு புரோகிதமே.

இனி, கிருமி தொற்றிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி. மருந்தில்லாத காலத்தில் இவர்களில் பாதிப் பேர் இரண்டு வயதைக்கூடக் காணவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2008-ல் வந்தது. நோய் முற்றட்டும் என்று காத்திராமல், பிறந்த சில வாரங்களிலேயே மருந்தை ஆரம்பித்தால், மரணத்தில் 100-க்கு 76 பங்கு குறைகிறது என்று அதில் கண்டார்கள். நம் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரல் முதல் தேதி ஆரம்பித்தது. தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி அதில் முதல் வரிசையில் நின்றது. அந்தக் காலத்தில் மருந்தை ஆரம்பித்த பச்சைப் பிள்ளைகள் இன்று கல்லூரியிலும் வேலையிலும் இருக்கிறார்கள். கலியாணமாகிக் கிருமியில்லாத பிள்ளை பெற்றவர்களும் உண்டு. சாகப்போகிற பிள்ளைகள் என்று ஊர் கணக்கு முடித்தவர்கள், ஊருக்குத் தெரியாமலேயே பெரியவர்களாகிவிட்டார்கள்!

ஆனால் பெரியவர்களாவது லேசாக நடக்கவில்லை. சிறு வயதில் பாட்டி ஊட்டிவிட்ட மாத்திரையைப் பதினைந்து வயதில் பிள்ளை துப்புகிறான். பல நாட்டு ஆராய்ச்சிகளும் கண்ட உண்மை, வாலிபம் தொடங்கும் வயதில்தான் மருந்து தவறுகிறது, அப்போதுதான் கிருமி தலைதூக்குகிறது என்பது. ஏன் துப்புகிறான்? எதற்கென்று அவனுக்குச் சொல்லவில்லை. "சத்து மாத்திரை" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் தானாகக் கண்டுபிடிக்கும்போது, இத்தனை வருஷமும் வீடே தன்னை ஏமாற்றியதாகத்தானே நினைப்பான்?

நாம் அறிந்த ஒரு கிழவி இருக்கிறாள். ஊரைச் சொல்ல மாட்டோம். மகனும் மருமகளும் போய்விட்டார்கள், பேத்தி மாத்திரம் இருக்கிறாள். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்க, அந்தக் கிழவி மாதாமாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறாள். ஏன் பாட்டி இந்தச் சிரமம் என்று கேட்டோம். "ஆசாரிப்பள்ளத்துல நம்ம ஊருக்காரன் எவனாவது நிப்பான் மக்கா. ஒருத்தன் பாத்தாப் போதும்லா, அந்தியாவதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சுரும். பெறவு பள்ளிக்கூடத்துல இவ பக்கத்துல எவ இருப்பா?" என்றாள். ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் கட்டணம், பிள்ளைக்கு ஒரு நாள் படிப்பு. மாதம் தவறாமல் இந்த வரியைக் கட்டச் சொல்லி அவளிடம் வசூலிப்பது எந்தச் சர்க்கார்? நம் ஊர்வாய்தான். கூலி கிடைக்காத மாதத்தில் அவள் போகவில்லையானால், பேரேட்டில் "வரவில்லை" என்று விழும். அந்தப் பிள்ளையைப் பற்றி நீண்டகால ஆராய்ச்சி எப்படி நடக்கும்?

தோழர்களே! இந்தச் சீமைக்கு இது புதிதல்ல. இன்ன ஜாதியான் இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று காலடியால் தீட்டை அளந்த நாடு இது. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கு 1859 வரையில் அடிபட்ட நாடு. சுசீந்திரம் தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அதையெல்லாம் ஒழித்துவிட்டோம் என்று மேடையில் மார்தட்டுகிற நாமே, ஒரு பள்ளிக்கூடப் பெஞ்சியில் ஒரு சிறு பெண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் இடத்தைக் காலியாக விடுவோமானால், ஒழித்ததென்ன? அடுத்த வீடாகிய கேரளத்தில், பெற்றோரையிழந்த இரு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்துப் பெரிய தகராறு நடந்தது. கடைசியில் 2003-ல், அப்போது மத்திய சுகாதார மந்திரியாயிருந்த சுஷ்மா சுவராஜ் அம்மையார் அங்குப் போய், பலர் பார்க்க அக்குழந்தைகளை அணைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த அம்மையாரின் கட்சிக் கொள்கை எதுவும் நமக்குப் பிடித்ததல்ல. ஆயினும் அந்த அணைப்பை நாம் பாராட்டுகிறோம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று சொல்ல மாட்டோம். இந்நோய்க்கென்று தனிச் சங்கத்தை 1994-லேயே ஏற்படுத்தியது தமிழ்நாடுதான். இந்நோயால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கும் ஆகாரத்துக்கும் உதவ, 2009-ல் ஐந்து கோடி ரூபாய் மூலதனத்தில் ஓர் அறக்கட்டளையையும் ஏற்படுத்தினார்கள். 2017-ல் பார்லிமெண்டில் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் அமுலுக்கு வந்த சட்டத்தின்படி, இக்கிருமி காரணமாகப் பள்ளியிலோ வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ ஒருவரைத் தள்ளிவைக்கக் கூடாது. இவர்கள்மேல் வெறுப்பை மூட்டிப் பிரசாரம் செய்தால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறையோ, லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இச்சட்டத்தில் நம் மனதைத் தொட்ட ஷரத்து ஒன்று இருக்கிறது. தாய் தகப்பனில்லாத வீட்டில், குடும்பக் காரியங்களை நடத்தும் பக்குவமுள்ள 12 வயது முதல் 18 வயதுக்குட்பட்ட அண்ணனோ அக்காளோ, தன் தம்பி தங்கைக்குக் கார்டியனாகப் பள்ளியில் சேர்க்கவும், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் உரிமையுண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை குடும்பத் தலைவனாகிற வீடுகள் இருக்கின்றன என்று ஒரு சட்டமே ஒப்புக்கொள்கிறதென்றால், யோசித்துப் பாருங்கள்.

நாம் கேட்பதெல்லாம், மூடிய பேரேட்டைத் திறந்து வையுங்கள் என்பதே. கிருமியில்லை என்று எழுதிவிட்ட பிள்ளையையும் பள்ளிக்கூடம் சேரும் வயதில் ஒரு தடவை, பத்து வயதில் ஒரு தடவை, பதினெட்டில் ஒரு தடவை, வீட்டார் சம்மதத்தோடு, ரகசியமாகப் பார்க்கட்டும். தென்னாப்பிரிக்காவில் டிரேக்கன்ஸ்டைன் என்ற இடத்தில் அப்படிப் பார்த்ததில்தான், கிருமி தொற்றாத இப்பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு வயதில் பேச்சு வளர்ச்சி கொஞ்சம் பின்தங்குகிறதென்று தெரிந்தது. மருந்தாலா, தாயின் நோயாலா, வறுமையாலா என்பது இன்னும் ஆராய்ச்சியிலிருக்கிறது. ஆனால் தெரிந்ததனால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதிலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். தெரியாவிட்டால், ஆறு வயதில் வாத்தியார் "மக்கு" என்று பெயர் வைப்பார். வீட்டில் "தலையெழுத்து" என்பார்கள்.

தோழர்கள் சிலர் துண்டுச் சீட்டில் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். நேரமாகிவிட்டபடியால் மூன்றுக்கு மாத்திரம் பதில் சொல்லுகிறோம்.

ஒருவர், "கிருமியுள்ள தாய் பால் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். தாய் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் கொடுக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரம் கொடுக்கச் சொல்லியே நம் சர்க்கார் வைத்தியர்களும் சொல்லுகிறார்கள். செய்யக்கூடாதது, அந்த ஆறு மாதத்தில் தாய்ப்பாலோடு மாட்டுப்பாலும் கஞ்சியும் சேனைத் தண்ணீரும் கலந்து கொடுப்பது. டாக்டர் சொன்ன சொட்டு மருந்தைக் கொடுக்க வேண்டியது வேறு விஷயம்.

இன்னொருவர், "இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறார். விஷயத்தை மறைக்காமல் சொல்லி, இருவரும் சம்மதித்தால் தாராளமாகச் செய்யலாம். மருந்தால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருக்கும் ஒருவரிடமிருந்து துணைவருக்குப் பரவுகிறதா என்று ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கில் பார்த்தார்கள். 2016-லும் 2019-லும் வெளியான முடிவுகளில், அப்படி ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த கலியாணத்தில் இவ்வளவு உத்தரவாதம் யார் கொடுத்தார்கள்?

மூன்றாவது சீட்டு பெண்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. "பிள்ளைக்கு எந்த வயதில் சொல்ல வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். 2011-லேயே உலக சுகாதார ஸ்தாபனம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று யோசனை சொல்லியிருக்கிறது. ஏழெட்டு வயதில், "உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது" என்று சொன்னால் போதும். பதினொன்று பன்னிரண்டில் அதன் பெயரைச் சொல்லலாம். ஏ.ஆர்.டி. மையத்தில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1097 என்ற இலவசப் போனில் பெயர் சொல்லாமலே கேட்கலாம். வீட்டில் பாட்டி மாத்திரம் இருக்கிற பிள்ளையானால், ஆலோசகரை விட்டே முதலில் பேசச் சொல்லுங்கள். செத்துப்போன மகனைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால், பாட்டிக்குத் தனியே வாய் வராது.